அட்டெனோலாலா, மெட்டோப்ரோலாலா, நெபிவோலாலா: நாடியையும் பிரஷரையும் குறைக்கும் மாத்திரைகளில் எது யாருக்கு?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகுகளுக்கு ஏற்றும் வேலை. பிரஷர் 152/94, நாடி நிமிடத்துக்கு 96. சுகர் இருக்கிறது, கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். மார்கழி, தை மாதங்களில் வீசிங் வரும். அரசு சுகாதார நிலையத்தில் அட்டெனோலால் 50 கொடுத்தார்கள். பிறகு பார்த்த ஒரு தனியார் மருத்துவர் அதை நிறுத்திவிட்டு மெட்டோப்ரோலால் 25 எழுதினார். அதிலிருந்து நாடி மறுபடி 90ஐத் தாண்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நெபிவோலால் சாப்பிடுகிறார். "அதுதான் புதுசு, அதையே கேட்டு வாங்கு" என்கிறார். இவற்றில் நாடியை நன்றாகக் குறைப்பது எது, பிரஷரை நன்றாகக் குறைப்பது எது என்பது கேள்வி.

நான் வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். எந்த மருந்து என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் இந்த மாத்திரைகளுக்குள் என்ன வேறுபாடு என்பது தெரிந்தால் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். அதற்காகவே நீளமாக எழுதுகிறேன்.

நேரடியாகச் சொல்கிறேன். சமமான அளவில் கொடுத்தால் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால் நான்கும் நாடியை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைக்கின்றன. கோக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இதயத்தைக் குறிவைக்கும் இந்த வகை மாத்திரைகள் சராசரியாக மேல் அழுத்தத்தை 10, கீழ் அழுத்தத்தை 8, நாடியை 11 அளவுக்குக் குறைத்தன. கார்விடிலால், லபெட்டலால் போன்ற இரட்டை வேலை செய்யும் மாத்திரைகளில் இறக்கம் இன்னும் குறைவு: அழுத்தத்தில் 6/4, நாடியில் 5. இவை சராசரிகள், ஒருவருக்கு நாடி 20 இறங்கலாம், இன்னொருவருக்கு 5தான் இறங்கலாம். ஆனாலும் "இதுதான் பலமான மாத்திரை, அது பலவீனம்" என்ற பேச்சுக்குப் பெரிய ஆதாரம் கிடையாது.

பிறகு ஏன் உங்கள் அப்பாவுக்கு மாத்திரை மாற்றியதும் நாடி ஏறியது? அட்டையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அட்டெனோலால் 50 மில்லிகிராமுக்குச் சுமாராக ஈடானது மெட்டோப்ரோலால் 100, பிசோப்ரோலால் 5, நெபிவோலால் 5, ப்ரோப்ரானோலால் 80, கார்விடிலால் ஒரு நாளைக்கு 25. அப்படியென்றால் அட்டெனோலால் 50லிருந்து மெட்டோப்ரோலால் 25க்குப் போனது மருந்தின் அளவைக் கால் பங்காக்கியதற்குச் சமம். மெட்டோப்ரோலால் பலிக்கவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. வீசிங் இருப்பதைக் கேட்டுவிட்டு அந்த மருத்துவர் வேண்டுமென்றே சிறிய அளவில் தொடங்கியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியும் இருக்கலாம். வேலையை விட்டுவிட்டுப் போக முடியாமல் அப்பா போகாமல் இருந்திருந்தால், அந்தத் தொடக்க அளவிலேயே நின்றிருப்பார். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் நாட்டில் பெயருக்கு முன் 'எஸ்' போட்ட எஸ்-மெட்டோப்ரோலால், எஸ்-அட்டெனோலால் என்றும் விற்கிறார்கள். மருந்தின் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்தது அது. எஸ்-மெட்டோப்ரோலால் 25 என்பது சாதாரண மெட்டோப்ரோலால் 50க்குச் சமம். அட்டையில் 23.75 என்றோ 47.5 என்றோ போட்டிருந்தால் பதற வேண்டாம். மெட்டோப்ரோலால் சக்சினேட் என்ற உப்பு வடிவில் அந்த எடை 25க்கும் 50க்கும் ஈடு.

மாத்திரையை ஒப்பிடும் முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். நாடி ஏன் 96? இந்த வகை மாத்திரைக்குப் பீட்டா பிளாக்கர் என்று பெயர். அது நாடியை இறக்கும். எதனால் ஏறியது என்று கண்டுபிடித்துச் சொல்லாது. ரத்தசோகை இருந்தால் நாடி ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஏறும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காசநோய், சரியாகத் தூங்காதது, குடி, பீடி, வாயில் அடக்கும் புகையிலை எல்லாமே ஏற்றும். வீசிங்குக்கு இழுக்கும் சால்புட்டமால் இன்ஹேலர் ஏற்றும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிப் போடும் ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை பிரஷரையே ஏற்றலாம். மே மாத வெயிலில் துறைமுகத்தில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் நாடி 100ஐத் தொடும். அப்போது இதயம் வேகமாக அடிப்பது உடலைக் காப்பாற்றத்தான். அதை மாத்திரை போட்டு அடக்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டி விழுவார். ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஒரு ஈசிஜி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் இவை பார்க்காமல் பீட்டா பிளாக்கரை மாற்றிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். பயத்திலும் உழைப்பிலும் உடலில் சுரக்கும் அட்ரினலின் போன்ற பொருள்கள் இதயத்தில் பீட்டா 1 என்ற ஏற்பிகளில் ஒட்டி அதை வேகப்படுத்துகின்றன. சிறுநீரகத்திலும் அதே ஏற்பிகள் உண்டு. அங்கே அவை ரெனின் சுரக்கவைத்து அழுத்தத்தை ஏற்றுகின்றன. மூச்சுக்குழாயிலும் கைகால் ரத்தக்குழாயிலும் பெரும்பாலும் இருப்பவை பீட்டா 2. அவை குழாயை விரிய வைக்கின்றன. பீட்டா 1ஐ அடைத்தால் நமக்கு வேண்டியது நடக்கிறது. பீட்டா 2வும் சேர்ந்து அடைபட்டால் மூச்சு இறுகுகிறது, விரல்கள் குளிர்கின்றன. 1960களில் ஜேம்ஸ் பிளாக் ப்ரோப்ரானோலாலை உருவாக்கியது நெஞ்சுவலிக்காக, இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் குறைப்பதற்காக. பிரஷர் இறங்குவதை அதன் பிறகுதான் கவனித்தார்கள். அவருக்கு 1988ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன்: இந்த மாத்திரைகளின் பலம் இன்றும் இதய நோயில்தான். வெறும் பிரஷருக்கு இவை இரண்டாம் வரிசை.

அந்த இரண்டாம் வரிசைக்கு எப்படித் தள்ளப்பட்டன என்பது தெரிய வேண்டும். 2002ல் வெளிவந்த லைஃப் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு லோசார்டானும் மறுபகுதிக்கு அட்டெனோலாலும் கொடுத்தார்கள். கையில் அளந்த பிரஷர் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இறங்கியது. ஆனால் பக்கவாதம் லோசார்டான் பக்கத்தில் சுமார் 25 சதவீதம் குறைவு. 2005ல் ஆஸ்காட் ஆய்வு அம்லோடிபைனை அட்டெனோலாலோடு ஒப்பிட்டது. அதிலும் அட்டெனோலால் பக்கம் பின்தங்கியது. 2006ல் பிரிட்டன் தன் வழிகாட்டு நெறியில் பீட்டா பிளாக்கரை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது.

ஒரே அளவு பிரஷர் இறங்கியும் பாதுகாப்பு ஏன் குறைந்தது? ஆஸ்காட்டின் கிளை ஆய்வு ஒன்று, கையில் அளப்பதை விட்டுவிட்டு இதயத்தை ஒட்டிய பெருந்தமனியின் அழுத்தத்தைக் கணக்கிட்டது. அட்டெனோலால் சாப்பிட்டவர்களுக்கு அங்கே அழுத்தம் சுமார் 4 புள்ளி அதிகமாக இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டியிருக்கும் பாறைகளில் அலை மோதித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். திரும்பும் அலை அடுத்து வரும் அலையோடு மோதினால் தண்ணீர் மேலே எழும்பும். ரத்தக்குழாயிலும் அப்படித்தான். இதயத்திலிருந்து கிளம்பிய அழுத்த அலை கைகால்களின் சிறு குழாய்களில் மோதித் திரும்புகிறது. நாடி மெதுவாகிவிட்டால் ஒவ்வொரு துடிப்பும் நீள்கிறது. திரும்பிய அலை இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது. ஆகவே நாடியை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பிரஷர் நோயாளிக்குப் பொருந்தாது. இதைத்தான் உங்கள் கேள்விக்கான பதிலின் நடுப்புள்ளியாக நினைக்கிறேன். நாடி 60க்கு வந்தே தீர வேண்டும் என்று இலக்கு வைப்பது நெஞ்சுவலி உள்ளவருக்குச் சரி. வேறு இதய நோய் இல்லாத பிரஷர்காரருக்கு அப்படி ஓர் எண் கிடையாது.

அதற்காக இவற்றை ஒதுக்கிவிடவும் கூடாது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இருந்தது அட்டெனோலால், வயதானவர்கள் அதிகம். 2023ல் ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் பீட்டா பிளாக்கரை மீண்டும் முக்கிய ஐந்து வகைகளுக்குள் சேர்த்துக்கொண்டது. ஓய்வில் நாடி 80க்கு மேல் இருப்பதையும் இவற்றைக் கொடுக்கத் தகுந்த ஒரு சூழலாகச் சொல்கிறது. நம் நாட்டில் அரசு பிரஷர் திட்டங்களின் நெறிமுறை அம்லோடிபைன், டெல்மிசார்டான், குளோர்தாலிடோன் என்ற வரிசையில்தான் போகிறது. அட்டெனோலால் பல காலமாக இலவசமாகக் கிடைத்துவந்த மாத்திரை. அதைச் சாப்பிட்டே பிரஷர் கட்டுக்குள் இருக்கும் எத்தனையோ பெரியவர்கள் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் உண்டு. அவர்களைப் பயமுறுத்தி நிறுத்தச் சொல்வது தவறு.

அட்டெனோலாலில் நான் கவனிக்கச் சொல்வது இரண்டு. ஒன்று, அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சுகர் பல வருடமாக இருப்பவருக்குச் சிறுநீரகம் சோர்ந்திருந்தால் மருந்து உடலில் தேங்கி, நாடி 45க்கு இறங்கி, ஆள் தள்ளாடுவார். சிறுநீரக வடிகட்டும் திறன் 35க்குக் கீழே போனால் ஒரு நாளைக்கு 50க்கு மேல் கூடாது. 15க்குக் கீழே 25தான். இரண்டாவது, அது ரத்தத்தில் பாதியாகக் குறைய 6, 7 மணி நேரமே ஆகும். காலை 8 மணிக்குப் போட்டால் மறுநாள் விடியற்காலையில் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவது அந்த விடியற்காலையில்தான். காசிமேட்டில் வேலை தொடங்குவதும் அந்த நேரம்தான்.

மெட்டோப்ரோலால் கல்லீரல் வழியாகப் போகிறது. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அதனால் வசதி. ஆனால் அதில் இரண்டு உப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. டார்ட்ரேட் என்றால் சீக்கிரம் கரைந்து சீக்கிரம் அடங்கும். இரண்டு வேளை தேவைப்படும். சக்சினேட் என்றால் மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க நிற்கும். அட்டையில் எக்ஸ்எல் என்றோ ஈஆர் என்றோ இருக்கும். இதய பலவீனத்தில் பலன் நிரூபிக்கப்பட்டது சக்சினேட்டுக்குத்தான். சக்சினேட் மாத்திரையை நடுக்கோட்டில் உடைக்கலாம், பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பொடித்தால் நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீட்டில் அம்மியில் நுணுக்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்று இந்த ஊருக்கு மிகவும் பொருந்தும். வியர்வையால் தொடையிடுக்கில் படர்தாமரை வராத ஆள் துறைமுகப் பக்கத்தில் குறைவு. அதற்கு டெர்பினாஃபின் மாத்திரை வாரக்கணக்கில் கொடுப்பார்கள். மெட்டோப்ரோலாலை உடைக்கும் கல்லீரல் நொதியை டெர்பினாஃபின் முடக்கிவிடும். அதே 50 மில்லிகிராம் உடலில் பல மடங்காக நிற்கும். நெபிவோலாலுக்கும் இது பொருந்தும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்சடின், பராக்சடின் மாத்திரைகளும் இதையே செய்யும். தோல் மருத்துவரிடம் போகும்போது பிரஷர் மாத்திரையைக் காட்டுபவர்கள் மிகக் குறைவு. காட்டுங்கள்.

பிசோப்ரோலால்தான் என் பார்வையில் இந்த வரிசையில் அமைதியான, நம்பகமான மாத்திரை. பாதி கல்லீரல், பாதி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும். ரத்தத்தில் பாதியாகக் குறைய 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ஒரு வேளை போதும். பீட்டா 1ஐ மட்டும் தேடிப் பிடிப்பதில் அட்டெனோலால், மெட்டோப்ரோலாலைவிடக் கூர்மை அதிகம்.

நெபிவோலால் அதையும்விடக் கூர்மையானது. கூடவே ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைத் தூண்டிக் குழாயை விரிவிக்கிறது. அதனால் விரல் குளிர்வது, அசதி ஆகியவை குறைவாக இருக்கும். ஆண்மைக் குறைவு இதில் மற்றவற்றைவிடக் குறைவு. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கடையில் வந்து "மாத்திரை ஒத்துக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடும் ஆண்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான். மருத்துவரிடம் வாய் திறந்து சொன்னால் மாற்றித் தர வழி இருக்கிறது. ஆக, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை: தொல்லை குறைவான மாத்திரை. பிரஷரையோ நாடியையோ மற்றவற்றைவிட அதிகமாகக் குறைக்கும் என்பது உண்மையில்லை. விலையும் கூடுதல். மாதக் கடைசியில் வாங்க முடியாமல் நாலு நாள் விடுவதைவிட, தவறாமல் கிடைக்கும் மலிவான மாத்திரை மேல்.

கார்விடிலால் பீட்டா 1, 2 இரண்டையும், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பியையும் சேர்த்து அடைக்கும். சாப்பாட்டோடு இரண்டு வேளை போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் எழுந்ததும் தலை சுற்றும். சுகர் அளவை அதிகம் கெடுக்காது என்று 2004ல் ஜெமினி ஆய்வு மெட்டோப்ரோலாலோடு ஒப்பிட்டுக் காட்டியது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர் இதைத் தொடக் கூடாது. ப்ரோப்ரானோலாலுக்கும் அதே தடை. அதன் இடம் இன்று பெரும்பாலும் கைநடுக்கம், ஒற்றைத் தலைவலி, தைராய்டு படபடப்பு ஆகியவற்றில்தான். லபெட்டலால் கர்ப்ப காலப் பிரஷருக்கு. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மருத்துவமனைக்குப் போய்வரும் பெண்களின் சீட்டில் இதைப் பார்க்கலாம். கர்ப்பத்தில் அட்டெனோலாலைத் தவிர்ப்பார்கள், குழந்தையின் எடை குறையும் என்பதால்.

இதயம் பலவீனமாகிவிட்டவர்களின் கதை முழுக்க வேறு. அங்கே இந்த மாத்திரைகள் உயிர்காக்கின்றன. இதைக் காட்டிய ஆய்வுகள்: பிசோப்ரோலாலுக்கு சிபிஸ்-2, மெட்டோப்ரோலால் சக்சினேட்டுக்கு மெரிட்-ஹெச்எஃப், இரண்டும் 1999ல். கார்விடிலாலுக்கு கோப்பர்னிகஸ் 2001ல். மூன்றிலும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 70 வயது தாண்டியவர்களிடம் நெபிவோலாலுக்கு 2005ல் சீனியர்ஸ் ஆய்வு ஓரளவு பலன் காட்டியது. அட்டெனோலாலுக்கு இப்படி ஒரு சான்று இல்லை. எக்கோவில் இதயத் திறன் குறைவு என்று வந்தவர் அட்டெனோலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்பது அவசியம். இந்த நோயில் மிகச் சிறிய அளவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள்; முதல் சில வாரம் அசதி கூடுவது போலத் தெரியும், விட்டுவிடக் கூடாது. மாரடைப்பு வந்து, இதயத் திறன் நன்றாகவே இருப்பவர்களுக்கு ஆயுள் முழுக்க வேண்டுமா என்பது இப்போது விவாதத்தில் இருக்கிறது. 2024ல் வந்த ரெடியூஸ்-ஏஎம்ஐ ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்துவது ஆபத்து.

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களும் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாடியை மெதுவாக்குவது மருந்துச் சிகிச்சையின் முக்கியமான பகுதி. சுருங்கிய வால்வு வழியே ரத்தம் இறங்க நேரம் கிடைக்கும். ஸ்டான்லி மருத்துவமனை இதயப் பிரிவில் காட்டுபவர்கள் இந்தக் காரணத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையைப் பிரஷர் மாத்திரை என்று நினைத்து, "பிரஷர் நார்மல்தானே" என்று விட்டுவிடுவதுண்டு.

நிறுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பீட்டா பிளாக்கர் நாட்கணக்கில் ஏற்பிகளை அடைத்துவைத்திருக்கும்போது உடல் அதற்கு ஈடாக ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மாத்திரை நின்றால் அட்ரினலின் அத்தனை ஏற்பிகளிலும் ஒரே நேரத்தில் பாய்கிறது. நாடி துள்ளும், பிரஷர் ஏறும், அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். ஒன்று, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். விசைப்படகில் போனால் திரும்ப ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். "மாத்திர தீந்துபோச்சுண்ணா, கடல்ல எங்க வாங்குறது" என்று கரைக்கு வந்த பிறகு கேட்பார்கள். நாலு நாள் கூடுதலாக மாத்திரை எடுத்து, ஈரம் படாத டப்பாவில் போட்டு, படகில் தனியாக ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் காசில்லாமல் மாத்திரையை நிறுத்துவதும் நடக்கிறது. அந்த இரண்டு மாதத்துக்காவது அரசு சுகாதார நிலையத்திலோ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியரிடமோ சொல்லி வாங்கிக்கொள்ளலாம், ஒரு ரூபாய் செலவில்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்றும் உண்டு: தெரியாமல் இரண்டு பீட்டா பிளாக்கர் சாப்பிடுவது. அம்லோடிபைனோடு அட்டெனோலால் கலந்த மாத்திரைகளின் பெயர் பெரும்பாலும் 'ஏடி' என்று முடியும். மெட்டோப்ரோலால் கலந்தவை சில 'பீட்டா' என்று முடியும். ஒரு மருத்துவர் 'ஏடி' கொடுத்திருக்க, இன்னொருவர் மெட்டோப்ரோலால் எழுத, இரண்டும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான்; கண்ணிலிருந்து மூக்கு வழியே ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும், வீசிங்கையும் கிளப்பும். வெராபமில், டில்டியாசெம் மாத்திரைகளோடு பீட்டா பிளாக்கர் சேர்ந்தால் இதயத்தின் மின்னோட்டமே தடைபடலாம். அம்லோடிபைனோடு அந்தப் பயம் இல்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் தொடர்ந்து போட்டால் பல பிரஷர் மாத்திரைகள் சரியாக வேலை செய்யாது. கருவாடும் ஊறுகாயும் தினமும் இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். வீசிங்தான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. அது ஆஸ்துமாவா, பீடிப் புகையால் வந்த நுரையீரல் அடைப்பா என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் தெரியும். ஸ்டான்லியிலோ ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையிலோ கேட்டுப் பாருங்கள். நுரையீரல் அடைப்பு என்றால் பிசோப்ரோலால், நெபிவோலால் போன்றவற்றைக் கவனத்தோடு கொடுப்பார்கள். ஆஸ்துமா என்றால் கூடியவரை பீட்டா பிளாக்கரே இல்லாமல் பிரஷரைக் கட்டுப்படுத்தப் பார்ப்பார்கள். பீட்டா 1ஐ மட்டும் பிடிக்கும் மாத்திரைகூட அளவு ஏற ஏற அந்தக் கூர்மையை இழந்து பீட்டா 2வையும் பிடிக்கும். அதனால்தான் மெட்டோப்ரோலாலை 100க்கு ஏற்றிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

சுகர் விஷயமும் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாகக் கவலை இல்லை. கிளிமெபிரைடு சர்க்கரையைத் திடீரென்று இறக்கும். சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. வேலை நேரத்தில் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்து, பேச்சு குழறினால் உடனே சர்க்கரையோ ஜூஸோ கொடுக்க வேண்டும் என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிவையுங்கள். வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கும் இடம் அது. அதனால் அவர்கள் தெரிந்துவைத்திருப்பது இன்னும் அவசியம்.

ஐஸ் வேலையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? நாள் முழுக்க ஐஸைத் தொடும் கைக்கு ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. பீட்டா பிளாக்கர் அதை இன்னும் குறைத்து விரல் வெளுத்து, மரத்து, வலிக்கச் செய்யலாம். அப்படி இருந்தால் அது மாத்திரையை மாற்ற நியாயமான காரணம். தடித்த ரப்பர் கையுறையும் வேண்டும்.

என்னைக் கேட்டால், 58 வயது, சுகர், பிரஷர், மார்பு நோவு இல்லை, இதயத் திறன் சரி என்றால் பிரஷரைக் குறைக்கும் முக்கிய வேலையை டெல்மிசார்டானோ அம்லோடிபைனோ செய்யட்டும். சுகர்காரரின் சிறுநீரகத்துக்கு டெல்மிசார்டான் கூடுதல் நன்மை. நாடிக்கான காரணம் தேடிப் பார்த்த பிறகும் 90க்கு மேல் நின்றால், மூச்சுப் பரிசோதனையின் முடிவை வைத்துச் சிறிய அளவு பிசோப்ரோலாலோ நெபிவோலாலோ சேர்ப்பதை மருத்துவர் யோசிக்கலாம். இப்போது சாப்பிடும் மெட்டோப்ரோலாலை அதுவரை விட வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், இரவில் படுக்கும் முன். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கை மார்பு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. நாடியை மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தால் அதையும் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். துடிப்பு தாளம் தப்பி வருவதாகத் தெரிந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். அப்போது பிரஷர் கருவி காட்டும் எண்ணும் நம்பகமில்லை, ஈசிஜி வேண்டும். நாடி 50க்குக் கீழே, அல்லது மயக்கம், மூச்சு இறுகுவது என்றால் ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

அந்தக் குறிப்போடு வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், இன்ஹேலரையும், கண் சொட்டு மருந்து இருந்தால் அதையும், தோலுக்கு எடுத்துக்கொள்ளும் மாத்திரையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். பழைய அட்டெனோலால் அட்டை மீதமிருந்தால் அதையும் சேர்த்து. சில வீடுகளில் புதியதோடு பழையதையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா அப்படிச் செய்யவில்லை என்பதை அவரிடமே ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.